மூன்றாவது டிஸ்க்

பட்டினப்பாக்கத்தில் எந்தப் பொருளும் தன் ஆயுசை முழுசாக வாழ்ந்து முடிக்காது. உப்புக்காற்று ஃபேன் இறக்கையைத் தின்னும், ஜன்னல் கம்பியைத் தின்னும், ஃபிரிட்ஜின் முதுகைத் தின்னும். அது தெரிந்துதான் கயல் தன் சர்வர் பெட்டியை ஹவுசிங் போர்டு வீட்டின் உள்ளறையில், ஜன்னல் இல்லாத சுவரோரம், பீரோவின் மேல் வைத்திருந்தாள். பிரஷர் குக்கர் வரும் அட்டைப்பெட்டி அளவுதான் இருக்கும். உள்ளே நான்கு ஹார்டு டிஸ்க்குகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பச்சை விளக்கு.

அன்று காலை தெருமுனை டிரான்ஸ்பார்மர் பெரிய சத்தத்தோடு படுத்தது. கரண்ட் போனது, வந்தது, மறுபடி போனது. கடைசியாக வந்து நின்றபோது பெட்டி விடாமல் கத்த ஆரம்பித்தது. முதல் டிஸ்க்கின் விளக்கு சிவப்பாகியிருந்தது.

"இன்னாமே, உன் பொட்டி கூவிக்கினே கீது?" என்று கேட்டாள் அம்மா கங்கம்மா. லூப் ரோடு மீன்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"ஒரு டிஸ்க் பூட்ச்சும்மா."

"பூட்ச்சுன்னா? பாடம்லாம்?"

"பாடம் கீது. ஒண்ணு போனா இது தாங்கும்."

அவள் சொன்னது உண்மைதான். பாடங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து, கூடவே சரிபார்க்கும் கணக்கு ஒன்றையும் கலந்து, நான்கு டிஸ்க்குகளிலும் பரவலாக எழுதி வைக்கிற பெட்டி அது. ஒரு டிஸ்க் செத்தால், அதில் என்ன இருந்தது என்பதை மீதி மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடும். கயல் கணக்கு டீச்சர். தெரியாத எண் ஒன்று என்றால் சமன்பாடு தீரும், இரண்டு என்றால் தீராது என்று அவள் அதைத் தனக்குப் புரிகிற மாதிரி நினைவில் வைத்திருந்தாள்.

அந்தப் பெட்டி அவள் வீட்டுக்கு வந்ததே ஒரு சண்டையால்தான். தி. நகரில் ஒரு பயிற்சி மையத்தில் அவள் பல வருஷம் கணக்கு நடத்தினாள். போலீஸ் வேலைக்கும் அரசாங்க குமாஸ்தா வேலைக்கும் பரீட்சை எழுதுகிறவர்கள் அங்கே படிப்பார்கள். அதன் முதலாளி சக்திவேல் ஒரு வருஷம் கட்டணத்தை ஏற்றியபோது பெண்கள் பலர் நின்றுவிட்டார்கள். அடையாற்றங்கரையில் குடியிருந்து, வீடு இடிபட்டு, பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பப்பட்ட குடும்பத்துப் பெண்கள். வேலை மட்டும் இன்னும் ஊருக்குள்ளேயே, துணிக்கடைகளிலும் வீடுகளிலும். கயல் வேலையை விட்டாள். வீட்டுச் சுவரில் வெள்ளை போர்டு மாட்டி, தன் போனிலேயே பாடம் எடுத்து, இணையத்தில் இலவசமாகப் போட்டாள். பஸ்ஸில் நின்றுகொண்டே அவர்கள் அதைப் பார்த்தார்கள்.

அந்தப் பாடமெல்லாம் தன் மையத்துக்குச் சொந்தம் என்று சக்திவேல் புகார் கொடுத்தார். வீடியோ தளம் அவளுடைய சேனலை மொத்தமாக எடுத்துவிட்டது. "ஏழும் எட்டும் பதினஞ்சுன்றது உங்க சொத்தா சார்?" என்று அவள் நேரில் போய்க் கேட்டாள். அவர் சிரித்தார். அதன் பிறகுதான், எவன் புகார் கொடுத்தாலும் யாரும் எடுக்க முடியாத ஓர் இடம் வேண்டும் என்று இந்தப் பெட்டியை வாங்கினாள். அதை இயக்கத் தானே படித்துக் கற்றுக்கொண்டாள். இப்போது நானூறு பெண்களுக்கு மேல் அவள் வீட்டு பீரோ மேலிருந்து கணக்குப் படிக்கிறார்கள். அடுத்த பரீட்சைக்கு மூன்று வாரம் கூட இல்லை.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் புது டிஸ்க் ஒன்று வாங்கி வந்து, செத்ததை உருவிவிட்டு அந்த இடத்தில் செருகினாள். பெட்டி மற்ற மூன்றையும் படித்துப் படித்துப் புதியதில் எழுத ஆரம்பித்தது. அரை நாள் நல்லபடியாகப் போனது. சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது உள்ளறையிலிருந்து பல்லி கத்துவது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. டிக். டிக். டிக். ஓடிப் போய்ப் பார்த்தாள். மூன்றாவது டிஸ்க்கின் விளக்கும் சிவப்பு.

லேப்டாப்பில் பாடங்கள் இருந்த பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. நடுவில் ஒரே ஒரு கேள்வி: டிஸ்க்குகளைப் புதிதாக அமைக்கவா? கீழே நீலப் பொத்தான்.

பெட்டியை விற்ற கடைக்குப் போன் போட்டாள். கடைக்காரர் அவசரத்தில் இருந்தார். "அந்த பட்டனை அமுக்குங்க மேடம். புதுசு மாதிரி ஆயிடும்."

"புதுசு மாதிரின்னா? காலியாவா?"

"காலியாத்தான் வரும். போனது போனதுதான் மேடம்."

"அதச் சொல்றதுக்கு நீங்க யாரு?" என்று கயல் போனை வைத்தாள். நீலப் பொத்தானைத் தொடவில்லை. பெட்டியை முறைப்படி அணைத்து, ஒவ்வொரு டிஸ்க்கையும் உருவி, எது எந்த இடத்தில் இருந்தது என்று அதன் முதுகில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினாள். 

சர்வர் வேலை செய்யவில்லை என்ற செய்தி பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் பரவி, யார் மூலமோ தி. நகருக்கும் போய்ச் சேர்ந்தது. மறுநாளே சக்திவேல் கூப்பிட்டார்.

"கேள்விப்பட்டேன் கயல். வருத்தமா இருக்கு. பரீட்சை வேற கிட்ட வந்துடுச்சு. பாவம், அந்தப் பொண்ணுங்க என்ன பண்ணுவாங்க?"

"சொல்லுங்க சார்."

"எல்லாரையும் நம்ம சென்டருக்கு அனுப்பிடுங்க. பாதிக் கட்டணம் போதும். நீங்களும் வாங்க, பழைய பேச்சை விடுவோம். குரூப்ல மட்டும் ஒரு வார்த்தை போட்டுடுங்க, உங்க பாடம் இனிமே வராதுன்னு."

"வரும் சார்."

"டிஸ்க்கே போயிடுச்சுன்னாங்களே?"

"டிஸ்க் போச்சு. நான் போகல."

"பிடிவாதம் பிடிச்சா படிக்கிற பொண்ணுங்கதான் கெட்டுப்போவாங்க," என்றார் அவர். குரலில் உண்மையான இரக்கம் இருப்பது போலவே இருந்தது. அதுதான் அவளை இன்னும் எரிய வைத்தது.

கிண்டி தொழிற்பேட்டையில், கெட்டுப்போன டிஸ்க்குகளிலிருந்து தகவல் மீட்டுத் தரும் ஒரு நிறுவனம் இருந்தது. செத்த முதல் டிஸ்க்கையும் சேர்த்துப் பழைய நான்கையும் துண்டில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனாள். அங்கே ஹபீபுர் ரஹ்மான் என்ற நடுத்தர வயதுக்காரர் ஒவ்வொன்றையும் காதோரம் வைத்துக் கேட்டார், கருவியில் மாட்டிப் பார்த்தார்.

"முதல் டிஸ்க் சுத்தமா முடிஞ்சுபோச்சு மேடம், அது சுத்தவே இல்ல. ரெண்டும் நாலும் நல்லா இருக்கு. விஷயம் இந்த மூணாவதுலதான். இது இன்னும் சாகல. படிக்கிற முள்ளு பலவீனமாயிடுச்சு. சில இடத்துல படிக்குது, சில இடத்துல திணறுது."

"அதுல இருக்கறத எடுத்துட்டா போதும்ல? மூணு இருந்தா கணக்கு வந்துடும்."

"வந்துடும். ஆனா எங்க கிட்ட ஏற்கெனவே ஏகப்பட்டது காத்திருக்கு. ஒரு மாசம் ஆகும்."

"அதுக்குள்ள பரீட்சை முடிஞ்சிடும்."

அவர் யோசித்தார். "நீங்களே நகல் எடுத்துப் பார்க்கலாம். தகுந்த புரோகிராம் இலவசமாவே கிடைக்குது. ஆனா ஒண்ணு. எடுக்கும்போது முள்ளு உள்ள சுத்தற தட்டைக் கீறிடுச்சுன்னா அப்புறம் என்கிட்ட கொண்டுவந்தும் பிரயோஜனமில்ல. என்னைக் கேட்டா விட்டுட்டுப் போங்கன்னுதான் சொல்வேன்."

கயல் மூன்றாவது டிஸ்க்கைக் கையில் எடுத்துப் பார்த்தாள். ஒரு மாதம் காத்திருந்தால் பாடங்கள் பத்திரமாகக் கிடைக்கலாம். ஆனால் இந்தப் பரீட்சை போய்விடும். அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. வயது வரம்பைத் தாண்டப்போகும் பெண்கள் குழுவில் நிறைய இருந்தார்கள்.

"குடுங்க சார், நானே பாத்துக்கறேன்."

"சூடாக விடாதீங்க," என்றார் அவர், டிஸ்க்குகளைத் திரும்பத் துண்டில் சுற்றிக்கொடுத்து. "கரண்ட் மட்டும் நடுவுல போகக்கூடாது."

குளிர்ச்சி, நிற்காத கரண்ட்: அந்த இரண்டும்தான் பட்டினப்பாக்கத்தில் கிடைக்காது. வாசலில் நின்றபடியே அவள் ஸ்ரீலக்ஷ்மியைக் கூப்பிட்டாள். மையத்தில் வரலாறு நடத்தும் தோழி. இன்னும் சக்திவேலிடம்தான் வேலை பார்க்கிறாள்.

"எங்காத்துக்கு எடுத்துண்டு வந்துடு," என்றாள் ஸ்ரீலக்ஷ்மி, கயல் சொல்லி முடிப்பதற்குள். "இன்வெர்ட்டர் இருக்கு. முன் ரூம்ல ஏசி இருக்கு. நான் லீவு போட்டுடறேன்."

"சக்திவேலுக்குத் தெரிஞ்சா உன் வேலை?"

"தெரியட்டுமே. அதுக்காக நான் பயந்துண்டு இருக்கணுமா?"

மயிலாப்பூரில் அவள் வீட்டு முன்னறையில், பழைய கம்ப்யூட்டர் ஒன்றின் பக்கத்து மூடியைக் கழற்றி, மூன்றாவது டிஸ்க்கை ஒரு பக்கமும் காலி டிஸ்க் ஒன்றை மறுபக்கமும் மாட்டினார்கள். டிஸ்க் ஆடாமல் இருக்க ஸ்ரீலக்ஷ்மி யோகா பாயை மடித்து அடியில் வைத்தாள். கயல் கட்டளையை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்தாள். எதிலிருந்து எதற்கு என்பதை மாற்றிப் போட்டால் பாடத்தின் மேலேயே காலியை எழுதிவிடும். பிறகு என்டர் தட்டினாள்.

அந்தப் புரோகிராம் முரண்டு பிடிக்காத இடங்களை முதலில் படித்து நகலெடுக்கும். திணறுகிற இடம் வந்தால் அங்கே நின்று அடம்பிடிக்காமல் குறித்து வைத்துக்கொண்டு தாண்டிப் போகும். கடைசியில் திரும்பி வந்து அவற்றை முயலும். கயலுக்கு அது பிடித்திருந்தது. தெரிந்த கணக்கை முதலில் போடு, தெரியாததற்குப் பிறகு வா என்றுதான் அவளும் பரீட்சைக்குப் போகிறவர்களிடம் சொல்வாள்.

முதல் நாள் வேகமாகப் போனது. இரண்டாம் நாள் வேகம் சரிந்து, எண்கள் அசையாமல் நின்றன. டிஸ்க் மறுபடி டிக் டிக் என்றது. தொட்டால் சுட்டது. கயல் நிறுத்தினாள், ஆற வைத்தாள், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். மறுபடி நிறுத்தினாள். ஸ்ரீலக்ஷ்மி ஏசியை இன்னும் குளிராக வைத்துவிட்டுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்த நேரத்தில்தான் அவள் போன் அடித்தது. சக்திவேல். ஸ்ரீலக்ஷ்மி ஸ்பீக்கரில் போட்டாள்.

"உடம்பு சரியில்லையாம்மா? லீவு எழுதியிருக்கீங்க."

"உடம்புக்கு ஒண்ணுமில்ல சார்."

"கயல் அங்கேதான் இருக்காங்கன்னு சொல்றாங்க."

"ஆமா, எங்காத்துலதான் இருக்கா. டிஸ்க்கும் இங்கதான் இருக்கு."

"யோசிச்சுப் பண்ணுங்க. நாளைக்கு வேலைக்கு வர்றீங்களா இல்லையா?"

"இது முடிஞ்சதும் வரேன். வர வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்கோ, எனக்கும் பஸ் காசு மிச்சம்."

போனை வைத்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வாங்கியது. கயல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவர் கையும் ஏசிக் குளிரில் ஜில்லென்று இருந்தன.

முன்னோக்கிப் படித்தால் திணறும் இடங்களை, கடைசியிலிருந்து பின்னோக்கிப் படித்தால் சிலசமயம் பிடித்துவிடலாம் என்று கயல் எங்கோ படித்திருந்தாள். அதையும் செய்தாள். அசையாமல் நின்ற எண் ஊர்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறிப்பில் இருந்த ஓட்டைகள் சுருங்கின. பிறகு ஒரு பிற்பகல், டிஸ்க் ஒருமுறை கரகரத்துவிட்டு ஓய்ந்தது. மீண்டும் மாட்டியபோது கம்ப்யூட்டருக்கு அது கண்ணிலேயே படவில்லை.

"போயிடுத்தா?" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி மெதுவாக.

"போச்சு. ஆனா அதுகிட்ட இருந்து முக்காலே மூணு வீசம் வாங்கிட்டோம்."

இரண்டாவது, நான்காவது டிஸ்க்குகளோடு மூன்றாவதின் நகலைச் சேர்த்து மாட்டினாள். பாதி எழுதப்பட்ட புது டிஸ்க்கைப் பக்கத்திலேயே விடவில்லை. மூன்றையும் ஒன்றாகக் கட்டாயப்படுத்திச் சேர்க்கக் கம்ப்யூட்டரிடம் சொன்னாள், எதையும் எழுதாதே, படிக்க மட்டும் செய் என்றும் சொன்னாள். திரை யோசித்தது. யோசித்துக்கொண்டே இருந்தது. பிறகு ஒன்றன்கீழ் ஒன்றாகத் தலைப்புகள் விழுந்தன: சதவீதம். விகிதம். வயதுக் கணக்கு. நேரமும் தூரமும்.

கயல் அழவில்லை. "வா, சாப்புடலாம்," என்று எழுந்தாள். எழுந்த பிறகுதான் கால் மரத்துப்போயிருந்தது தெரிந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லாவற்றையும் பெரிய டிஸ்க் ஒன்றுக்கு மாற்றி, ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தபோது முழு நிலவரம் தெரிந்தது. பெரும்பாலானவை நன்றாக ஓடின. முப்பது சொச்சம் பாடங்கள் நடுவில் உறைந்தன, அல்லது திறக்கவே இல்லை. அவற்றின் பெயர்களைக் குழுவில் போட்டு, இவை போய்விட்டன, மன்னிக்கவும் என்று எழுதினாள்.

மாலையில் டயானா வந்தாள். ரங்கநாதன் தெருவில் துணிக்கடையில் நாளெல்லாம் நின்று வேலை பார்க்கும் பெண், பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து வருகிறவள். மாம்பலத்திலிருந்து நேராக மயிலாப்பூர் வந்துவிட்டாள்.

"இன்னாக்கா மன்னிக்கவும்னு போட்டுகிற? போயிடுச்சுன்னு உனுக்கு யார் சொன்னா?" என்று தன் போனை நீட்டினாள். "சோழிங்கநல்லூர் தாண்டினா எனுக்கு சிக்னல் வராது. அதான் எல்லாத்தையும் டவுன்லோடு பண்ணி வெச்சுகினு பாப்பேன். இத்தப் பாரு."

அதில் உறைந்துபோன பாடங்களில் பதினொன்று இருந்தன. கயல் அவளையே பார்த்தாள். பிறகு குழுவில் இன்னொரு செய்தி போட்டாள்: யார் யார் போனில் என்னென்ன இருக்கிறதோ, எடுத்துக்கொண்டு வாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்த இடம் கங்கம்மாவின் மீன்கடை. அந்த இடத்துக்குத்தான் எல்லோருக்கும் வழி தெரியும். கயல் லேப்டாப்பை ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்திருந்தாள். வஞ்சிரம் வாங்க வந்தவர்களுக்கு நடுவே பெண்கள் வரிசையில் நின்று போன்களைக் கொடுத்தார்கள். திரை உடைந்த போன், ரப்பர் பேண்ட் போட்ட போன், அண்ணனிடமிருந்து பிடுங்கி வந்த போன்.

"ஏய், மீன் கையோட அத்தத் தொடாதே," என்று கங்கம்மா யாரையோ அதட்டினாள். பிறகு தன் கையையே கழுவிக்கொண்டு வந்து வயர்களைப் பிடித்து நின்றாள். "இன்னும் எத்தினி பாக்கி?"

"ஒண்ணே ஒண்ணும்மா. படகும் நீரோட்டமும்."

எவரிடமும் அது இல்லை. அத்தனை போனிலும் தேடிவிட்டார்கள்.

"அத்த யாருமே டவுன்லோடு பண்ணலியா?" என்று கயல் கேட்டாள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். டயானாதான் வாயைத் திறந்தாள்.

"பாத்தோம்க்கா. ஒண்ணுமே பிரியல. அதான் யாரும் வெச்சுக்கல."

கயலுக்கு முதலில் சுருக்கென்றது. அடுத்த நொடி அவளும் சிரித்துவிட்டாள். "கட்டுமரத்துக்குப் பக்கத்துல பொறந்துட்டு, படகுக் கணக்கை இவ்ளோ கேவலமாவா நடத்தினேன்? உக்காருங்க எல்லாரும்." இன்னொரு ஸ்டூல் மேல் ஏறி நின்று, மீன் விலை எழுதும் கரும்பலகையைத் துடைத்து, டயானாவிடம் தன் போனைக் கொடுத்துப் படம் பிடிக்கச் சொன்னாள். நீரோட்டத்தோடு போகிற படகையும் எதிர்த்து வருகிற படகையும் வரைந்து, ரோட்டில் போகிற பஸ் சத்தத்துக்கு மேலே கத்தி அந்தப் பாடத்தை மறுபடி எடுத்தாள். பாதியில் ஒரு பெண் "இரு அக்கா, திரும்ப சொல்லு" என்றாள். திரும்பச் சொன்னாள். அதையும் வெட்டாமல் அப்படியே வைத்துக்கொண்டாள்.

பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பாடங்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன.

சக்திவேல் கடைசியாக ஒருமுறை கூப்பிட்டார். இந்தத் தடவை இரக்கம் இல்லை. வக்கீலைப் பார்க்கப்போவதாகச் சொன்னார். பெட்டியை நிறுத்த வைப்பேன் என்றார்.

"எந்தப் பெட்டிய சார்?" என்றாள் கயல். "எல்லாப் பாடத்தையும் நகல் எடுத்தாச்சு. ஒண்ணு எங்க வீட்ல இருக்கு. ஒண்ணு மயிலாப்பூர்ல இருக்கு. மூணாவது இன்னிக்குப் பெரும்பாக்கம் போவுது. நாலாவதுக்கு இடம் பாத்துக்கினு இருக்கோம். வக்கீலுக்கு அட்ரஸ் வேணும்னா நானே அனுப்பறேன்."

ஸ்ரீலக்ஷ்மி மையத்து வேலையை விட்டுவிட்டாள். விட்டாளா, விடச் சொன்னார்களா என்று கேட்டால் இரண்டும்தான் என்பாள். இப்போது கயல் வீட்டு வெள்ளைப் போர்டின் ஒரு பாதியில் வரலாறு ஓடுகிறது. பரீட்சையில் டயானா எழுத்துத் தேர்வைத் தாண்டிவிட்டாள். ஓட்டத் தேர்வுக்காகக் காலையில் எழுந்து ஓடுகிறாள். தேறாதவர்களும் நிறைய. அவர்கள் மறுபடி முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள்.

மூன்றாவது பெட்டி பெரும்பாக்கம் போன அன்று நல்ல வெயில். டயானாவின் வீடு எட்டாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. அது எப்போது வேலை செய்தது என்று அங்கே யாருக்கும் நினைவில்லை. கீழே நின்ற பெண்கள் பெட்டியையும் பேட்டரியையும் கம்பிச் சுருளையும் பங்குபோட்டுத் தூக்கினார்கள்.

"எனக்குக் கொடுங்கோ, நானும் எடுத்துக்கறேன்," என்ற ஸ்ரீலக்ஷ்மிக்கு ஐந்தாவது மாடியிலேயே மூச்சு முட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேட்டரியைத் தோளில் வைத்திருந்த பெண் அவளைத் தாண்டிப் போகும்போது திரும்பிப் பார்த்தாள்.

"மெதுவா வாங்க டீச்சர். நாங்க மாட்டி வெச்சுட்றோம்."

கயல் மேலே போய்ச் சேர்ந்தபோது டயானா ஏற்கெனவே பெட்டியை அலமாரியில் ஏற்றி, வயரைச் செருகி, கை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தாள். இனி சிக்னல் இல்லாமலேயே பெட்டியிலிருந்து நேராகப் பாடம் வரும் என்று, நடைபாதை முழுக்கப் பெண்கள் போனும் கையுமாக நின்றார்கள்.

"போடவாக்கா?"

"உன் வூடு, உன் பொட்டி. என்னை எதுக்குக் கேக்கற? போடு."

டயானா ஸ்விட்சைப் போட்டாள்.